ஸ்கேன் படத்தில் வெட்டிய கழுத்து

அத்தியாயம் பதினான்கு

கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த டீச்சர் சாக்பீஸும் கையுமாகச் சரிந்து விழுந்ததையும், தரையில் ரத்தத்தைப் பார்த்து நாற்பது பிள்ளைகள் அலறியதையும் அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய மாமியார், "என் மருமக முழுகாம இருக்கா" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தாள். ஏழு வருடம் காத்துக் கிடந்த வீடு. மருமகளின் வயிறு ஐந்து மாதம்போல் மேடிட்டுத் தெரிந்தால் கிழவி வேறென்ன நினைப்பாள்?

அந்த வயிற்றில் இருப்பது குழந்தை இல்லை என்று நேற்று சாயங்காலம் ஸ்கேன் சொல்லிவிட்டது.

இன்று காலை எட்டு மணிக்கே டெய்லர் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வந்த அவசரத்தில் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றவில்லை. டீச்சரின் புருஷனுக்கு உடன்பிறந்த அக்கா அவள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் புகுந்த வீட்டோடு ஒத்துவராமல், ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாகத் திரும்பி வந்து, தம்பி வீட்டு முன்னறையில் கடை போட்டவள். கை சுத்தம், வாய் நீளம். தெருவில் அவள் அளவு எடுக்காத பெண் இல்லை. அளவு எடுக்கும்போது ஒரு குத்தல் பேச்சு வாங்காத பெண்ணும் இல்லை.

டீச்சர் கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏன் டீச்சர், உன்னை ஒண்ணு கேக்கறேன்," என்று ஆரம்பித்தாள் டெய்லர் அக்கா. "மாசாமாசம் இப்படிக் கொட்டிட்டு இருந்திருக்கு. முழுகாம இல்லைன்னு உனக்கு நல்லாத் தெரியும். அம்மா தெருவெல்லாம் தண்டோரா போட்டப்போ வாயை மூடிக்கிட்டு ஏன்டி இருந்தே?"

டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ரெண்டு வாரம் உங்கம்மா எனக்கு முதல்ல சாப்பாடு போட்டாங்க அக்கா. நல்லா இருந்துச்சு."

டெய்லர் அக்கா போர்வையை இழுத்து அவள் காலில் போர்த்திவிட்டாள்.

டாக்டர் அம்மா வந்தபோது தம்பியும் கூடவே உள்ளே வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கீழே வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததில் கண் சிவந்திருந்தது. வந்தவன் கட்டில் பக்கம் போகாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"எத்தனை நாளா இப்படிப் போகுது?" டாக்டர் கேட்டாள்.

"மூணு வருஷமா. மாசத்துல பத்து நாள். மணிக்கு ஒரு பேட் நனைஞ்சிடும். கிளாஸ் நடுவுல வெளியே போக முடியாதுன்னு ரெண்டா வச்சுக்குவேன். கட்டி கட்டியா வரும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?" டெய்லர் அக்கா குறுக்கே விழுந்தாள்.

"சொன்னேனே அக்கா. நீங்க மெஷின்ல உக்காந்திருந்தீங்க. 'எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், இதுக்குப் போய் அலட்டிக்காதே'ன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பாள். சொன்ன ஞாபகம்தான் இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்குப் பேசுகிற வாய், எதையென்று ஞாபகம் வைத்துக்கொள்ளும்?

"பயப்படாதீங்கம்மா," டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இதுக்கு ஃபைப்ராய்டுன்னு பேரு. கர்ப்பப்பைச் சதையிலேயே வளர்ற கட்டி. ஐம்பது வயசுக்குள்ள பாதிக்கு மேல பொம்பளைங்களுக்குச் சின்னதாவோ பெரிசாவோ வருது. நிறையப் பேருக்கு வந்ததே தெரியாது. பெரும்பாலும் கேன்சர் கிடையாது. சிலருக்குத்தான் இப்படிக் கொட்டும். அடிவயிறு கனக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு முட்டும்."

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும்," டீச்சர் சேர்த்துக்கொண்டாள்.

"அது கட்டியால இல்ல, உடம்புல ரத்தம் இல்லாததால. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கணும். உங்களுக்கு ஆறு இருக்கு. ஆறை வச்சுக்கிட்டு எப்படிம்மா தினம் நின்னுக்கிட்டே பாடம் நடத்துனீங்க?"

"உக்காந்து நடத்துனா ஹெட்மிஸ்ட்ரஸ் திட்டுவாங்க டாக்டர்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அது ஒரு நொடிதான். ஃபைலைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது.

"இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. குழந்தை இல்லைன்னு ரெண்டு பேருமா டெஸ்டுக்குப் போனோம். எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க." டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இல்லைங்க?"

"ஆமா. நார்மல்தான்," என்றான் தம்பி.

டாக்டர் ஃபைலை மூடினாள். "அங்கதான் எனக்கு இடிக்குது. இப்போ கட்டி ஒன்பதரை சென்டிமீட்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாம இருந்து, திடீர்னு இவ்வளவு பெரிசா வளர்ந்திருந்தா அது நல்ல கட்டின்னு நான் நம்பி உட்கார முடியாது. கர்ப்பப்பையோட சேர்த்து எடுத்துடறதுதான் சேஃப். முன்னாடியே இருந்து மெதுவா வளர்ந்ததுன்னா கதையே வேற. கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கர்ப்பப்பையைக் காப்பாத்தலாம். அந்தப் பழைய படம் இருக்கா?"

"ஸ்கேன் சென்டரையே மூடிட்டாங்க டாக்டர்," தம்பி அவசரமாகச் சொன்னான். "படமும் எப்பவோ தொலைஞ்சு போச்சு."

டெய்லர் அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

தொலையவில்லை. அவள் கடையில், மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவள் தொழிலில் இது ஒரு வழக்கம். சட்டைக் கழுத்து ஒரே மாதிரி விழ வேண்டுமென்றால் கனமான ஒன்றில் அந்த வளைவை வெட்டி வைத்துக்கொண்டு, துணிமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு இழுக்க வேண்டும். காகித அட்டை பத்து நாளில் ஓரம் பிய்ந்துவிடும். எக்ஸ்ரே, ஸ்கேன் படத்தின் ஃபிலிம் இருக்கிறதே, வருடக்கணக்கில் உழைக்கும். "பழைய படம் இருந்தா தூக்கிப் போடாதீங்க, எனக்குக் குடுங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். யாருடைய காலோ, யாருடைய நெஞ்செலும்போ, அத்தனையும் அவள் கத்தரிக்குக் கழுத்தும் காலருமாகிவிடும்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் தம்பி தானாகவே வந்து ஒரு ஃபிலிமை நீட்டினான். "இந்தாக்கா, உனக்கு ஆகும்." பிறந்ததிலிருந்து அக்காவுக்கு ஒரு நூல்கண்டு வாங்கிக் கொடுத்தறியாத தம்பி! அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. ஓரத்தில் டீச்சரின் பெயர் இருந்ததைப் பார்த்தாள்தான். நார்மல் என்று சொல்லிவிட்ட படம், இனி எதற்கு ஆகப்போகிறது என்று வெட்டிவிட்டாள்.

இதை எல்லோர் முன்னாலும் சொல்ல வாய் வரவில்லை.

"நான் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்கறேன் டாக்டர்," என்றாள்.

"நாலு மணிக்குள்ள வாங்க. நாளன்னைக்கு ஆபரேஷன் லிஸ்ட்ல போடணும். இன்னைக்கே ஃபார்ம்ல கையெழுத்து வேணும்."

தம்பி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்கேன் விஷயம் இன்னும் தெரியாத அம்மா வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"குழந்தையே இல்லம்மா. கர்ப்பப்பையில கட்டி."

கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தால், அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஐயோ, இனிமே தெருவுல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நடப்பேன்? ஏழு வருஷமா ஏமாத்தினது போதாதுன்னு கட்டியைக் காட்டி வேற ஏமாத்தியிருக்கா பாரு. என் பையனுக்கு என்ன குறைச்சல்? எவளைக் கட்டியிருந்தாலும் இன்னேரம் ரெண்டு பிள்ளை பெத்துப் போட்டிருப்பா!"

"அவ உயிர் போகக் கிடக்கறா, உனக்கு உன் மூஞ்சி பெரிசாப் போச்சா?"

கத்திவிட்டுக் கடைக்குள் வந்தாள். அம்மாவைத் திட்டுவது சுலபம். கடைக்குள் தன்னைத் திட்டத்தான் ஆள் இல்லை.

ஆணியில் பதினேழு அட்டைகள். ஏழாவது அவள் தேடியது. படத்தின் நடுவில் பெரிய வளைவாகக் கழுத்து வெட்டியிருந்தது. ஆறு சின்னப் படங்கள் இருந்த ஃபிலிமில் மூன்று முழுசாகப் போய்விட்டன. ரெண்டு வருடமாக இந்த வளைவை வைத்துத்தான் தெருவில் பாதிப் பேருக்கும், டீச்சருக்கும்கூடக் கழுத்து வெட்டியிருக்கிறாள்.

அதோடு அளவு நோட்டையும் எடுத்துப் புரட்டினாள். டீச்சரின் பக்கம். தோள் பதினாலு, மூன்று வருடமாகப் பதினாலுதான். கைச் சுற்று பதினொன்று, அதுவும் அப்படியே. இடுப்பு மட்டும் முப்பது, முப்பத்தொன்றரை, முப்பத்து மூன்று, முப்பத்தாறு. கடைசி அளவுக்குப் பக்கத்தில் அவளே கேலியாக 'பூசணிக்காய்' என்று எழுதி வைத்திருந்தாள். உடம்பு பெருத்தால் கையும்தான் பெருக்கும் என்று எந்தக் கத்துக்குட்டி டெய்லருக்கும் தெரியும். முப்பது வருட அனுபவமாம், தூ!

மூன்றரைக்கு டாக்டர் அந்த ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கழுத்து வளைவு வழியாக டாக்டரின் முகம் தெரிந்தது.

"யாரும்மா இதை இப்படி வெட்டினது?"

"நான்தான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிச்சமிருந்த மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் படத்தின் கீழே விரலை வைத்தாள்.

"நல்ல வேளை, இந்த அளவு தப்பிச்சிருக்கு. ஆறரை சென்டிமீட்டர். அப்பவே இருந்திருக்கு. மெதுவாத்தான் வளர்ந்திருக்கு. கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம்." சொல்லிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "ஆறரையை நார்மல்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்களே. இதோட எழுத்துல ரிப்போர்ட் ஒண்ணு குடுத்திருப்பாங்க. அதை யார் வாங்கினா?"

டெய்லர் அக்காவுக்குத் தெரியும் யார் வாங்கினான் என்று. பதில் சொல்லாமல் வெளியே வந்தாள்.

தம்பி லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தான். கதவு திறந்து மூடும் சத்தத்தை வைத்தே உள்ளே எந்தச் சாமான் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். பக்கத்தில் படுத்த பெண்டாட்டி மூணு வருடமாக மூச்சு வாங்கியது மட்டும் அவன் காதில் விழவில்லை.

"படம் நார்மல் இல்லையாம்டா. ரிப்போர்ட் எங்கே?"

"எந்த ரிப்போர்ட்?"

"அடிச்சேன்னா பல்லு கொட்டிடும். எங்கேடா?"

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கிழிச்சுப் போட்டுட்டேன். ஆறு மாசத்துல மறுபடி வந்து பாக்கச் சொல்லியிருந்தாங்க."

"கிழிச்சியா? பொண்டாட்டி வயித்துல கட்டின்னு எழுதின பேப்பரை எவனாவது கிழிப்பானா?"

"அந்தக் கவர்ல ரெண்டு ரிப்போர்ட் இருந்துச்சுக்கா. ஒண்ணு அவளோடது." அவன் குரல் உள்ளே போயிற்று. "இன்னொண்ணு என்னோடது. குறை எனக்கும் இருக்கு. எனக்குத்தான் ஜாஸ்தி. மருந்து சாப்பிட்டா சரியாகலாம்னு சொன்னாங்க, நான் போகலை. அவளோடதை மட்டும் காட்டினா என்னோடது எங்கேன்னு கேப்பாளே. அதான் ரெண்டும் நார்மல்னு சொல்லிட்டேன்."

ஏழு வருடம். ஒவ்வொரு மாதமும் அம்மா பேசிய பேச்சு, டெய்லர் அக்கா தானே மெஷினை மிதித்துக்கொண்டு அடித்த கிண்டல், எல்லாம் அந்தப் பெண் தலைமேல். கடைசி ரெண்டு வருடம் இவன் உண்மை தெரிந்தே பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"காலையில டாக்டர், கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொன்னப்போகூட வாயைத் திறக்கலையேடா நீ!"

"எடுத்துட்டா நல்லதுதானேக்கா? அவளுக்கு வலி போயிடும். அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அம்மாவுக்கும் ஒரு பதில் கிடைச்சுடும்."

"அவ வயித்தை அறுத்துத்தான் அம்மாவுக்குப் பதில் சொல்லப் போறியா?"

தம்பியின் முகம் இறுகியது. "நீ ரொம்பப் பேசாதே. படத்தை வெட்டினது யாரு? நான் குடுத்தேன், நீ பார்த்துட்டுத்தானே வெட்டினே? அவகிட்ட சொல்றதுன்னா அதையும் சேர்த்துச் சொல்லு. சொல்லிட்டு நீ எந்த வீட்டுக்குப் போவேன்னும் யோசிச்சுக்கோ. மெஷின் என் வீட்டுலதான் இருக்கு."

லிஃப்ட் வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான்.

டெய்லர் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதில் மறுபடி ஒரு பெட்டியும் ஒரு மெஷினுமா? அம்மா யார் பக்கம் நிற்பாள் என்பது தெரிந்ததுதான். தம்பி குடும்பம் இன்றோடு உடைந்தால், உடைத்தவள் என்ற பேர் யாருக்கு வரும்? இப்படி அப்படி என்று மனசு அலைந்துகொண்டிருந்தபோதே நர்ஸ் வந்து கூப்பிட்டாள். ஃபார்ம் தயாராம்.

வார்டில் டாக்டர் ரெண்டு வழியையும் விளக்கிக்கொண்டிருந்தாள். கட்டியை மட்டும் எடுக்கலாம்; ரத்தம் கொஞ்சம் அதிகம் போகலாம், பின்னாளில் வேறு கட்டி வரவும் வாய்ப்புண்டு, ஆனால் குழந்தைக்கு இடம் இருக்கும். முழுசாக எடுத்தால் இந்தத் தொல்லை திரும்பாது, குழந்தைக்கும் வழியில்லை. "எதுன்னு நீங்கதான் சொல்லணும். உங்க கையெழுத்துதான் வேணும், உங்க வீட்டுக்காரரோடது இல்லை," என்று முடித்தாள்.

"எடுத்துடுங்க டாக்டர்," என்றாள் டீச்சர். "ஏழு வருஷமா ஒண்ணுத்துக்கும் உதவாதது. அதைக் காப்பாத்தி வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? குறை என்கிட்டதான்னு ஆகிப்போச்சு. இவராவது நிம்மதியா இருக்கட்டும்."

தம்பி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியையும் கழற்றி, அவள் கையில் கொடுத்தான்.

அந்த மூடியைக் கழற்றியதுதான் டெய்லர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"கையெழுத்துப் போடாதே டீச்சர்!"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி, "அக்கா!" என்று பல்லைக் கடித்தான்.

"அன்னைக்கு எடுத்த ஸ்கேன் நார்மல் இல்லை. அப்பவே கட்டி இருந்துச்சு. இவனுக்குத் தெரியும். அந்தக் கவர்ல இவனோட ரிப்போர்ட்டும் இருந்துச்சு. குறை இவன்கிட்டயும் இருக்கு, இவனுக்குத்தான் ஜாஸ்தியாம். ரெண்டையும் கிழிச்சுப் போட்டுட்டான். படத்தை என்கிட்ட குடுத்தான். நான் கழுத்து வெட்டிட்டேன். உன் பேரைப் பார்த்துட்டேதான் வெட்டினேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பாரம் இறங்கும் என்று நினைத்தாள், இறங்கவில்லை.

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். மறுப்பான் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. அவன் மறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும் அக்கா?"

"இப்பத்தான். சத்தியமா இப்பத்தான். ஒரு பத்து நிமிஷம்."

"அந்தப் பத்து நிமிஷம் என்ன யோசிச்சீங்க?"

டெய்லர் அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக் கையில் சுருட்டினாள். மெஷினைப் பற்றி யோசித்தேன் என்று எப்படிச் சொல்வது?

டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை. புருஷனின் பேனாவைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"டாக்டர், உங்க பேனாவைக் குடுங்க. இவங்க ரெண்டு பேரையும் வெளியில போகச் சொல்லுங்க. நான் உங்ககிட்ட தனியாப் பேசணும். என் உடம்பைப் பத்தி முதல்லேர்ந்து சொல்லுங்க, ஒண்ணு விடாம."

நர்ஸ் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

வராந்தாவில் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. தம்பிதான் முதலில் பொறுமையிழந்தான்.

"அந்த ஃபார்ம்ல என்னக்கா எழுதுவா அவ?"

டெய்லர் அக்காவுக்குத் தெரியவில்லை. டீச்சர் என்ன உடுத்துவாள், எப்போது சாப்பிடுவாள், எதற்கு எப்படிப் பதில் சொல்வாள் என்று அவளைக் கேட்காமலே முடிவு பண்ணிய வீடு அது. இந்த ஒன்றைத்தான் அவர்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.